ஏத்து என்று கேட்ட காது

பாக்கியநாதன் பத்தொன்பது வருடம் தரையிலிருந்து முப்பது அடி உயரத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லாரி ஆக்சில்களைப் பழுக்கக் காய்ச்சி அடித்து உருவாக்கும் ஆலை ஒன்றில் கிரேன் ஓட்டினார். கூரைக்குக் கீழே இரண்டு தண்டவாளங்கள், அவற்றின்மேல் நகரும் கிரேன், அதன் ஓரத்தில் தகரப் பெட்டி மாதிரி ஒரு கேபின். காலையில் ஏணியேறி உள்ளே போனால் சாப்பாட்டு மணிக்குத்தான் இறங்குவார். கீழே நான்கு ராட்சதச் சம்மட்டிகள் மாறி மாறி விழுந்துகொண்டே இருக்கும். புதிதாகச் சேருகிறவர்கள் முதல் வாரம் தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடுவார்கள். பாக்கியநாதன் ஒரு நாளும் ஓடியதில்லை.

ஊர் கவரைப்பேட்டைக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் வேலை செய்தவர்கள். இவர் ஐடிஐ முடித்து ஆலைக்குள் நுழைந்தார். நான்கு டன் இரும்பை ஒரு தக்காளிக்கூடையைப் போல் அலுங்காமல் இறக்கி வைப்பார் என்று பழைய மேனேஜர் ஒருவர் சொன்னதுண்டு. ஆனால் அவரைப் பிடித்தவர்கள் ஆலையில் மிகக் குறைவு. திமிர் பிடித்தவன் என்று பெயர். டீக்கடையில் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தால் இவர் ஓரமாக நின்று டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். கல்யாண வீட்டில் யாராவது பேச்சுக் கொடுத்தால் சம்பந்தமில்லாமல் ஒரு பதில் வரும், இல்லையென்றால் பதிலே வராது. வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது மனைவி ஜெபா சொல்வது எதுவும் அவரிடம் போய்ச் சேராது. "செவுத்தாண்ட பேசுனாக்கூட எதிரொலி வரும்" என்பாள். காது மந்தமோ என்று யாரும் சந்தேகப்படவில்லை. ஏனென்றால் பக்கத்து அறையில் செல்போன் அதிர்ந்தால் அவருக்குக் கேட்கும். அடுப்பில் பால் பொங்கும் சத்தம் ஜெபாவுக்கு முன்னால் அவருக்குக் கேட்கும்.

ஆலையில் அவருக்கு ஒரு பகையாளி இருந்தார். துளசிராமன், டை மாற்றும் பிரிவில் மூத்த ஃபிட்டர். டை என்பது சம்மட்டிக்கு அடியில் பொருத்துகிற கனத்த இரும்புக் கட்டி. காய்ச்சிய இரும்பு அதன் குழியில் விழுந்து ஆக்சில் வடிவத்துக்கு வரும். துளசிராமன் கவரைப்பேட்டைக்கு அடுத்திருந்த ஆரணிக்காரர். ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்துக்கு எட்டு ஏக்கர் நஞ்சை இருந்தது. பாக்கியநாதனின் அம்மா அந்தக் கழனியில் நாற்று நட்டிருக்கிறார். இது இரண்டு பேருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, கேன்டீனில் அந்தச் சண்டை வரும்வரை.

அன்று மதியம் கேன்டீன் நிரம்பி வழிந்தது. இருநூறு பேர் தட்டும் டம்ளருமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த நாள் டை மாற்றும் வேலை பற்றிச் சொல்ல, துளசிராமன் நான்கு மேசை தள்ளியிருந்த பாக்கியநாதனைக் கூப்பிட்டார். மூன்று முறை கூப்பிட்டார். பாக்கியநாதன் தலை நிமிரவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் இருவர் சிரித்தார்கள். துளசிராமன் எழுந்து வந்து அவருடைய தட்டைப் பிடித்து இழுத்தார்.

"கூப்டா திரும்ப மாட்டியா? மேல குந்திக்கினா பெரிய ஆளா? எங்கூட்டு கழனில நாத்து நட்டவங்க புள்ளதான நீ."

இது பக்கத்தில் நின்று சொன்னது. அதனால் பாக்கியநாதனுக்கு முழுசாகக் கேட்டது. அவர் எழுந்து நின்றார்.

"ஆமா. ஒங்கூட்டு கழனி இப்ப எங்க கீது? வித்துட்டு எனக்குக் கீழ சங்கிலி மாட்டிக்கினு நிக்கிற."

கைகலப்பாகாமல் மற்றவர்கள் பிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருவருக்கும் பேச்சே கிடையாது, மூன்று சொற்களைத் தவிர. டை மாற்றும்போது கீழேயிருந்து துளசிராமன் கத்துவார்: ஏத்து, எறக்கு, நிறுத்து. பாக்கியநாதன் அதன்படி செய்வார். கைச்சைகைதான் காட்ட வேண்டும் என்று சுவரில் பலகை மாட்டியிருந்தது. புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த கேபின் கண்ணாடி வழியாகக் கை தெரியாது. ஆகவே எல்லோரும் கத்தினார்கள்.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. டை மாற்றுவதற்காக இரண்டாம் சம்மட்டியை நிறுத்தியிருந்தார்கள். மற்ற மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன. நான்கு டன் டை தரையிலிருந்து அரையடி எழும்பியது. அப்போது நான்கு சங்கிலிகளில் ஒன்று கொக்கியிலிருந்து நழுவுவதைத் துளசிராமன் பார்த்தார். "நிறுத்து" என்று கத்தினார். பாக்கியநாதன் மேலே தூக்கினார். டை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஊசலாடி, சம்மட்டியின் அடிப்பீடத்தில் மோதியது. இடையில் துளசிராமனின் வலது பாதம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் பாதத்தில் பாதியை எடுக்க வேண்டியதாயிற்று.

கேபினில் இருந்த பாக்கியநாதனுக்குக் கீழே என்ன ஆயிற்று என்று புரிந்துகொள்ளவே அரை நிமிடம் பிடித்தது. அதற்குள் யாரோ எறிந்த ஒரு நட்டு கண்ணாடியில் வந்து விழுந்தது. இறங்கி வந்தவரைச் சுற்றிக்கொண்டு கேட்டார்கள்: நிறுத்து என்றால் ஏன் தூக்கினாய்?

"ஏத்துன்னுதான் சொன்னாரு."

"யாரு? துளசிராமனா? அவன் சாவறதுக்கு அவனே சொன்னானா?"

அன்றே கதை முடிவாகிவிட்டது. இரண்டு வருடப் பகை. சமயம் பார்த்துக் காலை வாங்கிவிட்டான், கொலைகாரன். மறுநாள் அவருடைய பைக்கின் சீட்டை யாரோ பிளேடால் கீறியிருந்தார்கள். கேன்டீனில் அவர் உட்கார்ந்த மேசையிலிருந்து எல்லோரும் எழுந்து போனார்கள். கவரைப்பேட்டை ரயில் நிலையத்தில் துளசிராமனின் மனைவி சுமலதா ஜெபாவை நிறுத்தி, ஊர் பார்க்க, "ஒன் ஊட்டுக்காரன் நடந்து வேலைக்குப் போறான். என் ஊட்டுக்காரனுக்குச் செருப்பு வாங்கினா ஒண்ணு மிச்சமாவுது. ஒங்க சாமி கேக்காம வுடுமா?" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஜெபா அன்று இரவு சமைக்கவில்லை.

"நெஜத்தச் சொல்லு" என்றாள் கணவனிடம். "வேணும்னுதான் பண்ணியா?"

"நீயுமா?"

"நான் பத்து தபா கூப்டாலும் நீ திரும்ப மாட்ட. வேணும்னா கேக்கும், வேணாம்னா கேக்காது. பதினஞ்சு வருஷமா பாத்துக்கினுதான கீறேன்."

பாக்கியநாதனே தன்னைச் சந்தேகிக்கத் தொடங்கியிருந்தார். சங்கிலி நழுவியது தெரிந்தே தூக்கினோமோ? துளசிராமன் மீது இருந்த கோபம் கையில் இறங்கிவிட்டதோ? ஆனால் எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் காதில் ஒலிப்பது 'ஏத்து' என்ற குரல்தான்.

கம்பெனி அவரைக் கிரேனிலிருந்து இறக்கி யார்டில் கழிவிரும்பு பிரிக்கும் வேலையில் போட்டது. விசாரணைக்கு உத்தரவிட்டது. அதற்கு முன் ஒரு தனியார் வேன் வந்து அவருடைய காதைச் சோதித்தது. சத்தம் புகாத பெட்டிக்குள் உட்கார வைத்து, பீப் பீப் என்று மெல்லிய ஒலிகளைப் போட்டார்கள். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். ஒன்றைக்கூட அவர் விடவில்லை. வயதுக்கு நல்ல காது என்று சான்றிதழ் வந்தது. பெர்சனல் மேனேஜர் அதை மேசைமேல் வைத்துத் தட்டினார்.

"காதுல கோளாறு இல்ல. அப்ப எதுல கோளாறு? நீயே சொல்லு."

அதே மாதத்தில்தான் தமிழ்செல்வி ஆலைக்கு வந்தாள். சென்னையில் செவித்திறன் பற்றி முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்கிறவள். வயது முப்பத்தொன்று. பல குரல்களும் இரைச்சலும் கலந்து வரும்போது மனிதக் காதும் மூளையும் ஒரு குரலை மட்டும் எப்படிப் பிரித்தெடுக்கின்றன, பல வருடம் இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு அந்தத் திறமை என்ன ஆகிறது என்பது அவளுடைய கேள்வி. பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்த அறுபது பேரைச் சோதிக்கக் கம்பெனி அனுமதி கொடுத்திருந்தது. விபத்துக்கு முன்பே தயாரான பட்டியலில் பாக்கியநாதன் பெயரும் இருந்தது. யாரும் அதை எடுக்க நினைக்கவில்லை.

பயிற்சிக் கூடத்தின் ஓர் அறையில் கம்ப்யூட்டரும் ஹெட்ஃபோனும் வைத்திருந்தாள். பாக்கியநாதன் உள்ளே வரும்போதே முகம் கடுத்திருந்தது. இன்னொரு பீப் சோதனை, இன்னொரு சான்றிதழ் என்று நினைத்தார். நான்கு பக்கத் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டாள். ஒரு பிரதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

முதலில் பீப் ஒலிகள். எல்லாம் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல் சின்னச் சின்ன வாக்கியங்கள் சொன்னது. 'பால்காரர் பழைய குடையை விற்றார்.' 'தங்கை மூன்று வாளிகளைக் கழுவினாள்.' கேட்டதைத் திருப்பிச் சொன்னார். அதன்பின் அந்தப் பெண் குரலுக்குப் பின்னால் நாலு பேர் பேசத் தொடங்கினார்கள். அவ்வளவுதான். ஒரு கணத்தில் எல்லாக் குரலும் கலந்து கூழாகிவிட்டது.

"திருப்பிச் சொல்லுங்க சார்."

"எத்த சொல்றது?"

"அந்த அம்மா சொன்னத."

"அஞ்சு பேர் கத்தறாங்க. எந்த அம்மா?"

"அடுத்தது" என்றாள் தமிழ்செல்வி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும். சில சமயம் ஒரு சொல் பிடிபட்டது. அது பின்னால் பேசிய ஆளின் சொல்லாக இருந்தது. பத்தாவது வாக்கியத்தில் ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"என்னப் பைத்தியக்காரனாக்குறதுக்குக் கம்பெனி அனுப்புச்சா?"

"போடுங்க சார். பாதியில விட்டா கணக்குல சேராது."

"சேரலன்னா போவுது."

"இதுவரைக்கும் வந்தவங்க யாரும் கழட்டல."

அந்தச் சொல் அவரைக் குத்தியது. மறுபடி மாட்டிக்கொண்டார். முடிந்ததும் தமிழ்செல்வி திரையை நெடுநேரம் பார்த்தாள். ஒரு முறை அவரைப் பார்த்தாள்.

வெளியே வந்து, தனக்கு முன்னால் சோதனைக்குப் போன இருவரைக் கேட்டார். அவரோடு பேசாதவர்கள்தான், ஆனாலும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். கஷ்டம்தான், ஆனால் பெரும்பாலும் பிடித்துவிடலாம், அந்தப் பெண் குரல் தனியாகத் தெரிகிறதே என்றார்கள். தனியாகவா? பாக்கியநாதன் அங்கேயே நின்றார். மற்றவர்களுக்குக் குரல் தனியாகத் தெரியும் என்பது நாற்பத்தேழு வயதில் அவருக்கு முதன்முதலாகத் தெரிந்தது.

மறுநாள் மதியம் தமிழ்செல்வியின் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தார்.

"என் காதுக்கு இன்னா?"

"தனித்தனியா முடிவு சொல்ற வழக்கம் இல்ல சார். கம்பெனியோட அப்படித்தான் ஒப்பந்தம்."

"எம்மேல விசாரண நடக்குது. வேணும்னே ஒருத்தன் கால எடுத்துட்டேன்னு."

"கேள்விப்பட்டேன். அதுக்கும் ஆராய்ச்சிக்கும் சம்பந்தம் இல்ல."

பாக்கியநாதன் பையிலிருந்து தாளை எடுத்தார். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியை விரலால் அழுத்திக் காட்டினார். பங்கேற்பவர் தம்முடைய சோதனை முடிவைக் கேட்டுப் பெறும் உரிமை உள்ளவர் என்று அதில் அச்சடித்திருந்தது.

"இத நீ எழுதுனதா, கம்பெனி எழுதுனதா?"

தமிழ்செல்விக்கு முகம் சிவந்தது. அது அவளுடைய கல்லூரியின் நெறிமுறைக் குழு எழுதச் சொன்ன வரி. இத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். படித்தவர் இவர் ஒருவர்தான். முடிவைக் கொடுத்தால் கம்பெனி அனுமதியை ரத்து செய்யும் என்று அவளுக்குத் தெரியும். கொடுக்காவிட்டால் தாளில் உள்ளது பொய்யாகும்.

"உக்காருங்க" என்றாள், வெறுப்போடு.

சொன்னாள். மெல்லிய ஒலியைக் கேட்பது வேறு, கலந்து வரும் ஒலிகளிலிருந்து ஒன்றைப் பிரிப்பது வேறு. முதல் வேலையில் அவர் காது குறையில்லாதது. இரண்டாவது வேலையில், இதுவரை சோதித்த இருபத்து மூன்று பேரிலும் அவர்தான் கடைசி. மற்றவர்களுக்கு ஒரு குரல் இடப்பக்கமும் இன்னொன்று வலப்பக்கமும் இருந்தால் பிரிப்பது சுலபமாகும். அவருக்கு அந்த உதவியும் கிடைக்கவில்லை. காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு இரைச்சலில் தேய்ந்திருக்கலாம். பிறவியிலேயே கொஞ்சம் இருந்திருக்கலாம். உறுதியாகச் சொல்ல அவளால் முடியாது. அவளுடைய துறையிலேயே இன்னும் சண்டை நடக்கிற விஷயம் அது.

"அப்ப நிறுத்துன்னு சொன்னது எனக்கு ஏத்துன்னு கேட்டிருக்குமா?"

"தெரியாது. அந்தச் சொற்கள வெச்சு நான் சோதிக்கல."

"சோதி."

"என் ஆராய்ச்சித் திட்டத்துல அது இல்ல."

"ஒரு ஆளுக்குப் பாதி கால் போயிருக்குது. இன்னோரு ஆளுக்கு மானம் போயிருக்குது. ஒன் திட்டத்துல இல்லியா?"

அவள் கோபமாகத்தான் இருந்தாள். ஆனால் அந்த இரண்டு சொற்களும் அவளை விடவில்லை. நிறுத்து, ஏத்து. முதல் பாதியை ஒரு சம்மட்டி அடி விழுங்கிவிட்டால் இரண்டிலும் மிஞ்சுவது ஒரே 'த்து'. அதே நேரத்தில் பக்கத்திலிருந்து வேறொருவர் ஏத்து என்று கத்தினால்? பாக்கியநாதனிடம் கேட்டாள். அடுத்த வரிசையில் இன்னொரு கிரேன் உண்டு, அங்கேயும் இரும்பைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள் என்றார் அவர். இது விசாரணையில் இதுவரை யாரும் கேட்காத கேள்வி.

அவள் ஷெட்டுக்குள் போய்ச் சம்மட்டிச் சத்தத்தைப் பதிவு செய்தாள். ஒருவரை 'நிறுத்து' என்றும் இன்னொருவரை 'ஏத்து' என்றும் தனித்தனியாகக் கத்தவைத்து அதையும் பதிவு செய்தாள். அந்தக் காலை நடந்ததைப் போல மூன்றையும் கலந்தாள். நாற்பது முறை 'நிறுத்து' போட்டதில் பாக்கியநாதன் இருபத்தாறு முறை 'ஏத்து' என்று எழுதினார். தானே ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டுப் பார்த்தாள். தனக்கும் ஆறு தவறு வந்ததை அவரிடம் சொல்லவில்லை, ஆனால் குறித்துக்கொண்டாள்.

மூன்று நாள் கழித்துக் கடிதம் தயாரானது. பாக்கியநாதன் படித்துக்கொண்டே வந்து கடைசி வரியில் நின்றார். 'இரைச்சல் மிகுந்த இடத்தில், குரல் கட்டளையை நம்பிச் செய்யும் வேலைக்கு இவர் ஏற்றவர் அல்லர்.'

"இத எடுத்துடு."

"முடியாது."

"இத வெச்சுக் கம்பெனி என்னக் கிரேன்ல ஏத்தாது. மேல உள்ளது என்னக் காப்பாத்துது, கீழ உள்ளது என்னக் கொல்லுது. எனக்கு மேல உள்ளது போதும்."

"ரெண்டும் ஒரே உண்மைதான் சார். கடைசி வரி இல்லன்னா மேல எழுதுனதுக்கு அர்த்தமே இல்ல. நாளைக்கு இன்னொருத்தர் கால் போனா யார் பதில் சொல்றது? நீங்களா, நானா?"

"எனக்குக் கத்துக் குடுக்காத."

"கத்துக் குடுக்கல. வேணும்னா எடுத்துக்கங்க, வேணாம்னா கிழிச்சுப் போடுங்க."

அவர் கிழிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனார். ஜெபா இரண்டு முறை படித்தாள்.

"இத்தக் குடுத்தா கிரேன் போயிடும்."

"குடுக்கலன்னா நான் கொலகாரன்."

"ஊர் நாலு நாள் பேசும், அப்பால மறந்துடும். வேல போனா போனதுதான்."

"நீ மறப்பியா?"

ஜெபா தாளை மேசைமேல் வைத்தாள். "இத்தினி வருஷம் திமிருன்னு நெனச்சு ஒன்கிட்ட மல்லுக்கட்டுனேன். இப்ப காகிதத்தக் காட்டி அது நோவுன்னு சொல்ற. யாராண்ட போய் என் பதினஞ்சு வருஷத்தக் கேக்கறது?" அவள் குரலில் இரக்கம் இல்லை. அவருக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

விசாரணை அதிகாரி அருணாச்சலம் வெளியிலிருந்து வந்த வழக்கறிஞர். சட்டென்று நம்புகிறவர் அல்ல. ஆலையின் கூட்ட அறையில் ஒரு பக்கம் பெர்சனல் மேனேஜர், இன்னொரு பக்கம் பாக்கியநாதன், சுவரோரம் ஊன்றுகோலோடு துளசிராமன். சாட்சியாக வந்த தமிழ்செல்வியை மேனேஜர் உட்காரக்கூட விடாமல் கேட்டார்.

"பீப் சத்தம் கேக்குது, மனுஷன் பேசறது கேக்காது. இதை நாங்க நம்பணுமா?"

"பேசறது கேக்கும். பல பேர் ஒண்ணா பேசும்போது பிரிக்க முடியாது."

"உங்க சோதனைல அவர் வேணும்னே தப்பாச் சொல்லியிருந்தா?"

"வேணும்னே சொல்றவங்க எல்லா அளவுலயும் ஒரே மாதிரி தப்பு பண்ணுவாங்க. இவருக்குப் பின்னால உள்ள சத்தத்தைக் குறைக்கக் குறைக்கத் தப்பு படிப்படியாக் குறைஞ்சது. அதை நடிக்கறது கஷ்டம்."

"கஷ்டம்னா முடியும்னு அர்த்தம்."

"முடியும். ஆனா அவருக்கு எந்த அளவுல எந்தச் சத்தம் வருதுன்னு தெரியாது."

அருணாச்சலம் அடுத்த வரிசை கிரேனுக்குக் கீழே அன்று நின்றவரை அழைத்தார். ஆமாம், அதே நேரத்தில் நான் ஏத்து என்று கத்தினேன், யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்றார் அவர். அருணாச்சலம் தமிழ்செல்வியிடம் அந்தப் பதிவைத் தனக்குப் போடச் சொன்னார். இருபது முறை கேட்டு, கேட்டதைத் தாளில் எழுதினார். மூன்று தவறு. பேனாவை மூடிவிட்டு ஹெட்ஃபோனைத் துளசிராமனிடம் நீட்டினார்.

"எனக்கு எதுக்குங்க? நான் கத்துனவன். என்னா கத்துனேன்னு எனக்குத் தெரியும்."

"கேளுங்க."

துளசிராமன் மாட்டிக்கொண்டார். அவரும் பல வருடம் அதே ஷெட்டில் நின்றவர். முதலில் வேகமாக எழுதினார். நடுவில் வேகம் குறைந்தது. இருபதும் முடிந்ததும் தமிழ்செல்வி விடையைப் பக்கத்தில் வைத்தாள். ஒன்பது இடத்தில் 'நிறுத்து' என்பதற்கு 'ஏத்து' என்று அவர் தன் கையாலேயே எழுதியிருந்தார்.

துளசிராமன் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதைக் கசக்கி மேசையில் போட்டார். "மிஷின்ல எத்த வேணா பண்ணுவாங்க" என்று சொல்லி ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அருணாச்சலம் கசங்கிய தாளை எடுத்து நீவி, கோப்பில் சேர்த்தார்.

அறிக்கை இரண்டு வாரத்தில் வந்தது. வேண்டுமென்றே செய்ததாகச் சொல்ல ஆதாரம் இல்லை. தவறு, கைச்சைகை தெரியாத கேபினை அப்படியே விட்டதிலும், ஒரே கூரையின் கீழ் பல பேர் கத்திக் கட்டளையிடுவதை அனுமதித்ததிலும் இருக்கிறது. இதைப் படித்த நிர்வாகம் முதலில் செய்த வேலை, தமிழ்செல்வியின் அனுமதியை ரத்து செய்ததுதான். அறுபது பேரைச் சோதிக்க வந்தவள் பாதிப் பேரோடு பெட்டியைக் கட்டினாள். கேட்டுக்கு வெளியே பாக்கியநாதனைப் பார்த்தபோது நிற்காமலே சொன்னாள்:

"ரெண்டு வருஷத் திட்டம் சார். இன்னொரு ஆலையில அனுமதி கிடைக்க எனக்கு எவ்வளவு நாளாகும்னு தெரியல."

"முடிவக் கேட்டா குடுக்கணும்னு தாளுல போட்டது நீதான."

"தெரியும்" என்றாள். ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

ஒரு மாதத்தில் கேபின் கண்ணாடிகளை மாற்றினார்கள். சைகை காட்ட ஒரே ஒரு ஆள், அவர் கையில் வாக்கிடாக்கி என்று புதிய விதி வந்தது. கத்தினால் அபராதம். கடிதத்தின் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு நிர்வாகம் பாக்கியநாதனைக் கிரேனில் ஏற்றவில்லை. லாரிகளை எடைபோடும் மேடைக்கு மாற்றியது. அவர் எதிர்த்து எழுதிய இரண்டு மனுவுக்கும் பதில் வரவில்லை. ஆலையில் அவரைக் கொலைகாரன் என்று சொல்வது நின்றது. அதற்குப் பதிலாக டமாரச் செவிடு என்பதைச் சுருக்கி டமாரம் என்று கூப்பிட்டார்கள், அவர் காதில் விழாது என்ற தைரியத்தில். அமைதியான நேரத்தில் அது அவருக்குத் தெளிவாகவே கேட்டது.

துளசிராமனுக்கு ஸ்டோரில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தார்கள். ஒரு நாள் ஷிப்ட் முடிந்து ஆட்கள் போனபின் எடைமேடைப் பக்கமாக நொண்டிக்கொண்டு வந்தார். பக்கத்தில் லாரி எதுவும் இல்லை. சத்தமே இல்லை.

"நான் நிறுத்துன்னுதான் கத்துனேன்."

"தெரியும்."

"ஒனக்கு ஏத்துன்னு கேட்டுச்சு."

"ஆமா."

"அந்த ரூம்ல எனக்கும் அப்டித்தான் கேட்டுச்சு" என்றார் துளசிராமன். தரையைப் பார்த்துச் சொன்னார். "அத்தால ஒன்ன மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. கேன்டீன்ல நீ பேசுனது எனக்குச் சரியாத்தான் கேட்டுச்சு."

"நீ பேசுனதும் எனக்குச் சரியாத்தான் கேட்டுச்சு."

துளசிராமன் திரும்பிப் போனார். அதன்பின் அவர்கள் பேசிக்கொண்டதாக யாரும் சொல்லவில்லை.

பாக்கியநாதன் இன்றும் எடைமேடையில்தான் இருக்கிறார். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசையாக நிற்கும். ஓட்டுநர்கள் இன்ஜினை உறுமவிட்டுக்கொண்டு, சன்னல் வழியாக வண்டி எண்ணையும் சரக்கையும் கத்துவார்கள். அவர் தலை தூக்கமாட்டார். ஹாரன் அடிப்பார்கள், ஆந்திரா ஓட்டுநர்கள் தெலுங்கில் திட்டுவார்கள். அவர் சன்னலைத் திறந்து ஒரே வாக்கியம் சொல்வார்: "இன்ஜின நிறுத்திட்டு எறங்கி வந்து சொல்லு." முனகிக்கொண்டே இறங்கி வருவார்கள். எதிரே வந்து நின்று, ஒவ்வொருவராகச் சொல்வார்கள். அவர் எழுதிக்கொள்வார். இந்த வேலையில் அவர் இதுவரை ஒரு எண்ணையும் தவறாக எழுதியதில்லை.